ஆறு இருபத்தொன்று

பண்டா நெய்ராவின் கப்பல்துறையில்
மூன்றாம் தூணுக்கும் நான்காம் தூணுக்கும் நடுவே
ஆறடி ஆழத்தில் மண்டியிட்டிருக்கிறேன்.
உடைந்த பவளம், பீங்கான் சில்லு,
ஒரு மோட்டார் சைக்கிள் டயர்,
யார் வீட்டுச் சோற்றுப்பானையின் மூடியோ ஒன்று.
மணவறை இவ்வளவுதான்.

பக்கத்தில் லா பாகிரி
சிவப்புத்துணி சுற்றிய டார்ச்சோடு.
சிவப்பு இவற்றின் கண்ணில் அவ்வளவாகப் படாது.
போன வருடம் வரை
மாண்டரின் மீன் ஒன்றுக்கு எட்டாயிரம் ரூபியா என்று
பிளாஸ்டிக் பையில் காற்றடைத்து
அம்போனுக்கு அனுப்பிக்கொண்டிருந்தவன்.
பெரிய ஆணாகப் பார்த்துத்தான் பிடிப்பான்.
கண்ணாடித் தொட்டிக்காரர்களுக்கு நிறம் வேண்டும்,
முதுகுத்துடுப்பில் அந்த நீண்ட முள் வேண்டும்.
பெண்மீன்களுக்கும் அதேதான் வேண்டும்.
ஒரு மழைக்காலம் முழுக்க
இந்தக் கற்குவியலில் கல்யாணமே நடக்கவில்லை
என்று கரையில் அவன்தான் சொன்னான்,
சிரிக்காமல்.

என் வேலை எண்ணுவது.
ஒரு ஜோடி எழுந்தால்
பலகையில் பென்சிலால் ஒரு கோடு.

ஆறு நான்கு.
பெண்கள் வந்தாயிற்று.
சுண்டுவிரல் நீளம், கனத்த வயிறு,
டயரின் விளிம்பில் நான்கு பேர்
யாருக்காகவும் காத்திராதவர்கள் போல.
பிறகு அவன்.
நீலத்தில் ஆரஞ்சு வழிய
துடுப்பை விரித்துக்கொண்டு ஒருத்தியைச் சுற்றுகிறான்.
அவள் கல்லுக்கடியில் போய்விடுகிறாள்.
சரி என்று அடுத்தவளிடம் போகிறான்.
முதலாமவள் எட்டிப் பார்க்கிறாள்.

ஆறு பதின்மூன்று.
கன்னத்தோடு கன்னம்.
அவன் பக்கத்துடுப்பில் அவள் வயிறு சாய்ந்திருக்க
மெல்ல எழுகிறார்கள்.
பிறந்ததிலிருந்து இடுக்கிலேயே கிடந்தவர்களுக்கு
ஒரு முழம் என்பது வானம்.
இதோ, இதோ என்று
பென்சிலை அழுத்துகிறேன்

தண்ணீர் அதிர்கிறது.
முதலில் பல்லில், அப்புறம் விலா எலும்பில்.
அம்போன் கப்பல்,
இரண்டு மணி நேரம் முன்னதாக.
மறுமுனையில்தான் கட்டுவார்கள் என்றாலும்
அடிமண் கலங்கி எழுந்து
மீன் இல்லை, டயர் இல்லை, என் கையே இல்லை.

லா பாகிரி கட்டைவிரலை மேலே காட்டுகிறான்.
போ, என்கிறான்.
அவனுக்குத் தெரியும்.
அந்தக் கப்பலின் எஞ்சின் அறையில்
எண்ணெய் போடுகிற லா சிதாரு என் கணவன்.
பதினான்கு நாளுக்கு ஒருமுறை
நான்கு மணி நேரம் எனக்கு உண்டு.
நான் தலையாட்டுகிறேன்.
போகவில்லை.

மண் இறங்க ஐந்தாறு நிமிடம்.
டயர் தெரிகிறது. அவள் தெரிகிறாள், தனியாக.
எழுந்து பாதியில் நின்றுபோன உடம்பு
எதைச் செய்யும் என்று எந்தக் கையேட்டிலும் நான் படித்ததில்லை.
அவள் கல்லின் மேல் ஏறி
வெட்டவெளியில் நிற்கிறாள்.
நேற்று ஒரு தேள்மீன் இதே இடத்தில் ஒருத்தியை விழுங்கியது.
நிற்கிறாள்.

எங்கிருந்தோ வருகிறான்.
சுற்றவில்லை, துடுப்பை விரிக்கவில்லை.
கன்னம் சேர்கிறது.
ஒரு முழம்,
இரண்டு,
உச்சியில் ஒரு நடுக்கம்
அவ்வளவுதான்,
இரண்டு பேரும் இரண்டு திசையில் கல்லுக்குள்.
அவர்கள் இருந்த இடத்தில்
புகை போலவும் இல்லாமல் ஏதோ ஒன்று மிதக்கிறது.
ஆறு இருபத்தொன்று.
கோடு ஒன்று.

ஏணியில் ஏறுகிறேன்.
லா சிதாரு துறையின் விளிம்பில்
கையில் ஒரு பை சலாக் பழத்தோடு,
சட்டையில் டீசல் மணத்தோடு.
எங்கே போனாய் என்று கேட்கவில்லை.
குனிந்து என் நனைந்த தலையில்
முகத்தை வைத்துக்கொள்கிறான்.
உப்பு, என்கிறான்.

கண்ணுக்குத் தெரியாத எத்தனை முட்டைகள்
அந்நேரம் என் கூந்தலில் இருந்தனவோ.
படிவத்தில்
அதற்குக் கட்டம் இல்லை.